நூலிழைத் தோல்வியும் ஊரார் மதிப்பீடும்

வென்றவனைக் கொண்டாடுவது உலகத்தின் இயல்பு. தோற்றவனைப் பற்றி உலகம் என்ன எண்ணுகிறது, அவ்வெண்ணம் எவ்வளவு விரைவில் திரிகிறது என்பனவற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நேற்று வரை “இவன் பெரிய ஆளாக வருவான்” என்று கூறிய அதே வாய், மயிரிழையில் அவன் தோற்ற மறுநாளே “இவனிடம் சரக்கு அவ்வளவுதான்” என்று கூறக் கேட்கிறோம். ஒரு நாள் இடைவெளியில் அவனுடைய திறமை தேய்ந்துவிடவில்லை. மாறியது ஊராரின் மதிப்பீடேயாகும்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு சங்கத்தார் பணித்தனர். அரசர்தம் போர்களைப் பாடநூல்களே போதிய அளவு கூறுகின்றன. ஆதலின், ஒடுக்கப்பட்ட மக்கள் உலகெங்கும் தம் உடலுழைப்பாலும் அஞ்சாமையாலும் புகழ் ஈட்டிய களமாகிய குத்துச்சண்டையின் வரலாற்றிலிருந்து சில ஏடுகளைப் புரட்டிக் காட்ட விழைகின்றோம். வடசென்னையில் இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை முதலிய பெயர்களில் விளங்கிய குத்துச்சண்டை மரபினை, 2021ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக நம் இளைஞர்கள் அறிந்திருப்பர். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த எளிய மக்களே அம்மரபினைத் தாங்கி நின்றனர். அதனைப் போன்ற வரலாறு கடல் கடந்த நாடுகளிலும் உண்டு.

மேடையேறவே போராட்டம்

அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை சட்டப்படி நீங்கிய பின்னரும் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கிட்டவில்லை. குத்துச்சண்டையின் தலையாய பட்டம் அதிக எடைப் பிரிவினருக்குரியது. அப்பட்டத்துக்காகக் கறுப்பினத்தவருடன் மோதுவதில்லை என்று வெள்ளையினச் சாம்பியன்கள் நெடுங்காலம் மறுத்து வந்தனர். தோற்பதற்குக்கூட வாய்ப்பு மறுக்கப்பட்ட நிலை அது. 1908ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜாக் ஜான்சன் என்பார் அப்பட்டத்தை வென்று முதல் கறுப்பினச் சாம்பியன் ஆனார். 1910ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜெஃப்ரீஸ் என்ற முன்னாள் வெள்ளையினச் சாம்பியனையும் அவர் வீழ்த்தினார். அச்செய்தி பரவியவுடன் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர்.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கியூபாவின் ஹவானா நகரில் ஜான்சன் தோற்றார். இங்குத்தான் நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி உள்ளது. தோற்றவர் ஒருவர், கதவு அடைக்கப்பட்டதோ ஓர் இனம் முழுமைக்கும். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள், அதாவது 1937 வரை, அதிக எடைப் பட்டத்துக்குரிய போட்டியில் கறுப்பினத்தவர் எவருக்கும் இடமளிக்கப்படவில்லை. ஹாரி வில்ஸ் என்ற பெருவீரர் காத்திருந்து காத்திருந்தே முதுமை எய்தினார். மேல்தட்டினன் தோற்றால் அது அவன் ஒருவனது தோல்வி; ஒடுக்கப்பட்டவன் தோற்றால் அது அவனுடைய மக்கள் அனைவரின் தோல்வி என்று கணக்கெழுதும் வழக்கம் அந்நாட்டிலும் இருந்தது.

நம் நாட்டிலும் இதனையொத்த வரலாறு உண்டு. மட்டைப்பந்தாட்டத்தில் இணையற்ற பந்துவீச்சாளராக விளங்கிய பல்வாங்கர் பாலு, 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்திய அணி பல ஆட்டங்களில் தோற்ற பயணம் அது. ஆயினும் பாலுவின் புகழ் ஓங்கியது. அத்தகையவர்க்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி கிட்டவில்லை. 1920இல் அதனைக் கண்டித்து அவருடைய தம்பியர் இருவர் அணியினின்று விலகினர். 1923ஆம் ஆண்டிலேதான் தம்பி விட்டல் அணித்தலைவரானார்.

ஜோ லூயிஸ் கற்ற பாடம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தி விளைவிக்கும் ஏழை உழவர் குடும்பத்தில் 1914இல் பிறந்தவர் ஜோ லூயிஸ். 1936ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அதனை நூலிழைத் தோல்வி என்று கூறவியலாது, தெளிவான தோல்வியே. அதுவரை வெல்லற்கரியவர் என்று போற்றப்பட்டவரைப் பற்றி அன்றிரவே வேறு பேச்சு எழுந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் கண்ணீர் பெருகியது. இட்லரின் ஆட்சியினரோ, தம் இனக் கொள்கைக்குக் கிடைத்த சான்று எனப் பறைசாற்றினர்.

லூயிஸ் இடக்கையால் குத்தியபின் அக்கையைத் தாழ்த்திவிடும் பழக்கமுடையவர். அவருடைய பழைய போட்டிகளின் படச்சுருளைக் கண்டு ஷ்மெலிங் அக்குறையைக் கண்டறிந்திருந்தார். எனவே இத்தோல்விக்குக் காரணம் நடுவரல்லர். திருத்தத்தக்க ஒரு பழக்கமாகும். லூயிஸ் அதனைத் திருத்திக்கொண்டார். 1937ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று பட்டம் வென்று, ஜான்சனுக்குப் பின் அடைபட்டிருந்த கதவைத் திறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22 அன்று அதே ஷ்மெலிங்கை முதற்சுற்றிலேயே, இரண்டு நிமிடங்களும் சில நொடிகளும் ஆவதற்குள் வீழ்த்தினார். 1949 வரை சாம்பியனாக விளங்கிய அவர், இருபத்தைந்து முறை தம் பட்டத்தைக் காத்தார். 1936இல் அவரை எடைபோட்டுத் தாழ்த்தியவர்கள் பின்னர் வாய் திறந்தாரில்லை.

சியோல் நகரில் நடந்தது

இனி, நூலிழைத் தோல்விக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு தென்கொரியத் தலைநகர் சியோலில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. 71 கிலோ எடைப் பிரிவின் இறுதிப் போட்டி அக்டோபர் 2ஆம் நாள். ஒருபுறம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரைச் சேர்ந்த பத்தொன்பது வயதுக் கறுப்பின இளைஞர் ராய் ஜோன்ஸ். மறுபுறம் போட்டியை நடத்திய நாட்டின் வீரர் பார்க் சி ஹுன்.

போட்டி மூன்று சுற்றுகள். முதற்சுற்றிலிருந்தே ஜோன்ஸின் கை ஓங்கியிருந்தது. இரண்டாம் சுற்றில் பார்க் தளர்ந்தமை கண்டு, மேடை நடுவர் போட்டியை நிறுத்தி எட்டு வரை எண்ணினார். அமெரிக்கத் தொலைக்காட்சியார் எடுத்த கணக்கின்படி, ஜோன்ஸ் செலுத்திப் பட்ட குத்துகள் 86. பார்க் செலுத்திப் பட்டவை 32. இக்கணக்கைக் காணும் எவரும் முடிவு யாது எனக் கேட்கவும் வேண்டார்.

ஆனால் முடிவு வேறாயிற்று. புள்ளியிடும் நடுவர் ஐவருள் சோவியத் நாட்டவரும் ஹங்கேரி நாட்டவரும் ஜோன்ஸுக்கு 60க்கு 56 என வழங்கினர். உருகுவே, மொராக்கோ, உகாண்டா ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூவரும் பார்க்கையே வெற்றியாளராகக் குறித்தனர். மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தங்கம் பார்க்குக்கு உரியதாயிற்று. ஒரேயொரு நடுவரின் எண்ணம் மாறியிருப்பின் பதக்கமும் மாறியிருக்கும். வியப்பிற்குரிய மற்றொரு செய்தி, அவ்வொலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கு உரிய வால் பார்க்கர் கோப்பை, வெள்ளி பெற்ற ஜோன்ஸுக்கே வழங்கப்பட்டதாகும். ஒரு கையால் பறித்ததை மறு கையால் நல்கியதற்கு ஒப்பாம் இது.

எழுந்த கூக்குரல் வீண்போகவில்லை. புள்ளியிடும் முறையே மாற்றப்பட்டது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் கணிப்பொறி வழிப் புள்ளிமுறை புகுத்தப்பட்டது. ஒரு குத்துக்கு நடுவர் ஐவருள் மூவரேனும் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் அது அம்முறையில் புள்ளியாகக் கொள்ளப்பட்டது. 1997ஆம் ஆண்டு அனைத்துலக ஒலிம்பிக் குழுவினர், சியோல் நடுவர்கள் கையூட்டுப் பெற்றமைக்குச் சான்று இல்லை என முடிவு கூறினர். முடிவும் மாற்றப்படவில்லை, ஏடுகளில் இன்றளவும் தங்கம் பார்க்குடையதே.

மதிப்பீடு எவ்வாறு மாறியது?

இத்தோல்வி ஜோன்ஸைப் பற்றிய கருத்தை இருவழிகளில் மாற்றியது. அதுவரை அவரை அறியாத நாட்டினரும் அவர் பெயரை அறிந்தனர். தங்கம் வென்ற பலரினும் வெள்ளி வென்ற அவரே மிகுதியாகப் பேசப்பட்டார். அதே வேளையில், அநீதியுற்ற இளைஞர் என்ற பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. இரக்கமும் ஒருவகைச் சிறையே. பிறர் இரங்குவதையே உணவாகக் கொண்டு வாழ்நாளைக் கழித்தோர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். ஜோன்ஸ் அச்சிறையில் தங்கிவிடவில்லை. 1989இல் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கிய அவர், 1993இல் நடுத்தர எடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். 1994இல் அதற்கு மேற்பட்ட பிரிவிலும், பின்னர் இலகு அதிக எடைப் பிரிவிலும் பட்டங்களை வென்றார். 2003ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று அதிக எடைப் பட்டத்தையும் கைப்பற்றினார். நடுத்தர எடையில் சாம்பியனாக இருந்த ஒருவர் அதிக எடைப் பட்டத்தை வெல்வது 106 ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதன்முறை.

வென்றதாக அறிவிக்கப்பட்ட பார்க் சி ஹுன்னின் நிலையையும் கருதுதல் வேண்டும். அவர் நடுவரை நியமித்தவரல்லர். எனினும் உலகத்தின் பழி அவர் தலைமேல் விழுந்தது. சொந்த நாட்டிலேயே தலைகுனிந்து வாழ நேர்ந்தது. அவர் போட்டியினின்று விலகி, ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் தொண்டாற்றினார். 2023ஆம் ஆண்டில் மகனுடன் கடல் கடந்து பென்சகோலா சென்று, தம் தங்கப் பதக்கத்தை ஜோன்ஸின் கையில் ஒப்படைத்தார். இச்செய்தி 2025இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் நெஞ்சை அரித்த பொருள் அப்பதக்கம். நேர்மையற்ற மதிப்பீடு தோற்றவனை மட்டுமன்றி வென்றவனையும் வாட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இந்தியர் ஒருவரின் இழப்பு

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவின் காலிறுதியில் நம் நாட்டு வீரர் குருசரண் சிங், உக்ரைன் வீரர் ஆந்திரி ஃபெட்சுக்குடன் மோதினார். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் உறுதி. ஆதலின், அக்காலிறுதியில் வென்றிருப்பின் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவரைச் சார்ந்திருக்கும். போட்டி முடிவில் இருவரும் 12க்கு 12 எனச் சமநிலையில் நின்றனர். சமநிலை நேர்ந்தால் நடுவர் ஐவரும் அழுத்திய எல்லாப் பொத்தான்களையும் கூட்டிப் பார்ப்பது அக்கால விதி. அக்கூட்டலில் உக்ரைன் வீரர் வென்றார். அவர் வெண்கலமும் பெற்றார்.

நாட்டில் சிலர் வருந்தினர். சிலர் “இந்தியரால் குத்துச்சண்டையில் இவ்வளவுதான் இயலும்” என்றனர். பின்னையோர் கூற்று எட்டாண்டுகளே நிலைத்தது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் இந்தியர் மூவர் காலிறுதி எய்தினர். அவருள் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். 2012ஆம் ஆண்டு இலண்டனில் மேரி கோம் அதனைத் தொடர்ந்தார். 2000இல் ஒருவர் வாயில்வரை சென்றமையால் வாயில் எட்டும் தொலைவில் உள்ளது என்பது பிறர்க்குத் தெரிந்தது. நூலிழையில் தோற்றவன் பின்வருவோர்க்குத் தொலைவை அளந்து காட்டுகிறான்.

நம் சேலத்து மைந்தர்

தொலைநாடுகளைக் கூறிவிட்டு நம் மாவட்டத்தை மறத்தல் முறையன்று. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்கால் ஊனமுற்றது. 2016ஆம் ஆண்டு ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த போட்டி 2021இல் டோக்கியோவில் நிகழ்ந்தது. மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவர் 1.86 மீட்டர் தாண்டினார். அமெரிக்க வீரர் 1.88 மீட்டர் தாண்டினார். இடைவெளி இரண்டு சென்டிமீட்டர்; நம் சுண்டுவிரலின் நீளமும் இல்லை. தங்கம் கைநழுவி வெள்ளியாயிற்று.

முன்னர்த் தங்கம் வென்றவர் வெள்ளி பெற்றால், கிடைத்ததைக் காணாது நழுவியதையே காண்பது மக்கள் மனம். மாரியப்பன் பயிற்சியைக் கைவிட்டாரில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலகச் சாம்பியனானார். அவ்வாண்டே பாரிசில் வெண்கலம் பெற்றார். தொடர்ந்து மூன்று மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்குகளில் பதக்கம் என்பது எளிதில் எய்தற்குரியதன்று. 2021ஆம் ஆண்டு மாலையில் மட்டும் நின்று அவரை எடைபோட்டவர் இவற்றை எங்ஙனம் கணக்கிட்டிருப்பர்?

அண்ணல் கண்ட தோல்வி

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இப்பாடம் உண்டு. அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக இருந்து பணி முடித்த அவர், 1952ஆம் ஆண்டு முதற்பொதுத் தேர்தலில் பம்பாய் நகர வடக்குத் தொகுதியில் ஏறத்தாழ 14,500 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியே கிட்டியது. அண்ணலின் காலம் முடிந்தது என்று கருதினோர் அன்று உண்டு. அவரோ மாநிலங்களவை உறுப்பினராகத் தம் குரலைத் தொடர்ந்து எழுப்பினார், நூல்களை எழுதினார், 1956 அக்டோபரில் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். இன்று அவரை வென்றவர் பெயரை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

நமக்குரிய கடமை

மேற்கூறிய வரலாறுகளைத் தொகுத்து நோக்கின், தோற்றவனை எடைபோடுமுன் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும் என்பது புலனாகும். எவ்வளவில் தோற்றான்? எதனால் தோற்றான்? தோற்றபின் என்ன செய்தான்? இவற்றுள் இரண்டாம் வினாவிற்கு நேர்மையான விடை காணல் மிக இன்றியமையாதது. ஜோன்ஸின் தோல்விக்குக் காரணம் நடுவர். அதற்கு மருந்து முறையீடும் விதித்திருத்தமும் ஆகும். லூயிஸின் தோல்விக்குக் காரணம் தாழ்ந்த இடக்கை. அதற்கு மருந்து பயிற்சி. நடுவர் தவற்றைத் தன் தவறென எண்ணிக் குமைபவனும், தன் தவற்றை நடுவர் தலையில் ஏற்றுபவனும் ஒருங்கே கெடுவர். நம்மை அளப்போருள் நடுநிலை பிறழ்ந்தோர் பலர் இருந்தனர், இருக்கின்றனர் என்பது உண்மை. அதனாலேயே நம் பிழை எது, பிறர் பிழை எது எனப் பிரித்தறியும் கூர்மை நமக்கு மிகுதியும் வேண்டும்.

கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளை எண்ணிப் பாருங்கள். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். 33 பெற்ற மாணவனுக்கும் 35 பெற்ற மாணவனுக்கும் அறிவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவோம். ஆனால் அன்று மாலையே ஒருவன் வீட்டில் இனிப்பு. மற்றவன் வீட்டில் வசை. “உனக்குப் படிப்பு வராது” என்ற தீர்ப்பைப் பெற்றோரே எழுதிவிடுகின்றனர். அடுத்த கிழமை அவன் ஜவ்வரிசி ஆலையிலோ செங்கற்சூளையிலோ நிற்கிறான். பெண்பிள்ளையாயின் திருமணப் பேச்சு எழுகிறது. இரண்டு மதிப்பெண் ஒரு வாழ்க்கையை முடித்து வைக்கிறது. நம் பணிக்காலத்தில் இதனைக் காணாத ஆண்டு இல்லை. துணைத் தேர்வில் தேறி, மேனிலைப் பள்ளியில் முன்னவரை விஞ்சியவர்களையும் கண்டுள்ளோம். அவர்களுக்கு வாய்த்தது தனி அறிவன்று. அவ்வொரு கிழமை வீட்டில் எவரேனும் ஒருவர் வசைபாடாது நின்றமையேயாகும்.

ஆதலின், நம் சங்கத்தார்க்குச் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். தேர்வு முடிவு வெளிவரும் நாளன்று முதலிடம் பெற்றோர் இல்லத்துக்கு மாலையுடன் செல்வதற்கு முன், தவறியோர் இல்லத்துக்குச் சங்க உறுப்பினர் இருவர் செல்லட்டும். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துபோகுமுன் படிவத்தை நிரப்பித் தரட்டும். துணைத் தேர்வுக்கு இடைப்பட்ட நாள்களில் மாலைப் பாடவகுப்பு நடத்தப் படித்த இளைஞர் முன்வரட்டும். எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் இடக்கை தாழ்ந்தது என்பதை அம்மாணவனோடு அமர்ந்து கண்டறியட்டும்.

இம்மலரில் முதல் மதிப்பெண் பெற்றோரின் ஒளிப்படங்கள் அழகுற இடம்பெற்றுள்ளன, அது தக்கதே. சங்கத்தின் பொன்விழா மலரில், இரண்டாம் முயற்சியில் தேறியவர்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படுமாயின் பெரிதும் மகிழ்வோம். அப்பக்கத்தில் இடம்பெறவேண்டியவர்கள் இன்று நம் சேரித் தெருக்களிலும் ஆலை வாயில்களிலும் நிற்கின்றனர். அவர்களைத் தேடிச் சென்று மீண்டும் பள்ளி வாயிலுக்கு அழைத்து வருவது நம் அனைவரின் கடமையாகும்.